என் மெஷினுக்கு மட்டும் நீ எழுதிய வரி

தர்ஷினி கண்ணு,

இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் கோபப்படு, உங்க அம்மா மாதிரி பாதியில தாளை மடக்கி வெச்சுட்டு சண்டைக்கு வராதே. நீயும் அம்மாவும் காலையிலேயே ஃபெர்ரி பிடிச்சு அக்கரையில பாகான் டாலாமுக்குப் போயிட்டீங்க, பெரியம்மா வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு. நான் முட்டி வலின்னு வரல. அது பாதிதான் நிஜம். மீதி என்னன்னா, உன்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, அதை உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. வேலை இடத்துல சொல்லலாம்னா அந்த மெஷின் சத்தத்துல 'சாப்டியா'ன்னு கேட்கிறதுக்கே தொண்டை கிழியணும். வாட்ஸ்அப்ல அனுப்பினா ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பே. அதான் பேனா. தமிழ்ப்பள்ளியில படிச்சதுக்கப்புறம் இவ்வளவு நீளமா நான் எழுதினதே இல்ல, பிழை இருந்தா கண்டுக்காதே.

வெள்ளிக்கிழமை நம்ம சூப்பர்வைசர் ஆ ஹெங் என் பக்கத்துல வந்து நின்னார். "அங்கிள், உங்க மகள் ஏன் ஜெர்மனிக்குப் போகமாட்டேங்குது? நல்ல சான்ஸ் லா"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. நம்ம கிட்ட சாமான் வாங்குற ஜெர்மன் கம்பெனிக்காரங்க வந்து பார்த்து, 'இந்த மெஷினையெல்லாம் தானா ஓட வைக்கிற ப்ரோக்ராம் எழுதினது யாரு, அந்தப் பிள்ளையை ரெண்டு வருஷத்துக்கு எங்க ஃபேக்டரிக்கு அனுப்புங்க'ன்னு பேர் சொல்லிக் கேட்டாங்களாம். நீ வேண்டாம்னு சொன்னியாம். வீட்டுல சூழ்நிலை சரியில்லன்னியாம். திங்கட்கிழமை காலையில கடைசி பதில் சொல்லணுமாம். நம்ம வீட்டுல என்னம்மா சூழ்நிலை? அம்மா பக்கத்து வீட்டு டிவி சத்தத்தோட சண்டை போடுற அளவுக்கு நல்லாத்தான் இருக்கா. சூழ்நிலைன்னு நீ சொன்னது என்னை. என் முட்டியை. என் மெஷின் ப்ரோக்ராம்ல எனக்காக யாருக்கும் தெரியாம நீ எழுதி வெச்ச அந்த ஒரு வரியை. எனக்குத் தெரியும்டா கண்ணு. தெரிஞ்சு ஒரு மாசமாச்சு.

அதைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், இதுவரைக்கும் வாய் திறந்து சொன்னதில்ல. உன்னைப் பார்த்து நான் அசந்து போயிருக்கேன். பெத்த பிள்ளைங்கிறதுக்காகச் சொல்லல, ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவனாச் சொல்றேன். நீ பாலிடெக்னிக் முடிச்சுட்டு பாயான் லெப்பாஸ்ல எங்க ஃபேக்டரிக்கே வந்தப்போ எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான். நீ ஏதாச்சும் தப்பு பண்ணிட்டா எல்லாரும் என்னைத்தானே பார்ப்பாங்க? வந்த புதுசுல உன்கிட்ட ஒரு இரும்புத் தண்டுல மரை வெட்டுற வேலையைக் கொடுத்தாங்க. முன்னாடி இருந்த ஆள் அதுக்கு எழுதி வெச்சிருந்த ப்ரோக்ராம், திரையை உருட்ட உருட்ட வந்துக்கிட்டே இருக்கும். கத்தி உள்ளே போ, வெட்டு, வெளியே வா, திரும்பப் போ, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுன்னு ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி. நீ வந்து உட்கார்ந்தே, எல்லாத்தையும் அழிச்சே. அழிச்சுட்டு ரெண்டே வரி எழுதினே.

எனக்கு உயிரே போச்சு. ஐயோ, பிள்ளை தெரியாம அழிச்சுடுச்சு, இப்போ கத்தி போய் எங்க இடிக்கப் போகுதோன்னு ஓடி வந்து சிவப்புப் பட்டன் மேல கையை வெச்சுக்கிட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கல. "அப்பா, கையை எடுங்க. முதல்ல இரும்பு மாட்டாம காத்துல ஓட விட்டுப் பார்க்கலாம்"னே. ஓடுச்சு. அதே போக்கு, அதே வரத்து. எவ்வளவு ஆழம், எத்தனை தடவை, கடைசியில எவ்வளவு மெல்லிசா ஒரு சீவல்னு எல்லாத்தையும் மெஷினே கணக்குப் போட்டுக்கிச்சு. அப்புறம் இரும்பை மாட்டி வெட்டிக் கொடுத்தே, மரை வழுவழுன்னு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பக்கத்து மெஷின் ரவி என் காதுகிட்ட வந்து, "அண்ணே, இது உங்க மகள்தானா, இல்ல ஆஸ்பத்திரியில மாத்திக் கொடுத்துட்டாங்களா?"ன்னான். அன்னிக்கு அவனுக்கு நான்தான் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மா, "அப்படி என்னத்தைத்தான் எழுதுற?"ன்னு கேட்டப்போ நீ சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கு. "அம்மா, 'கறிக்கு அரைச்சு வை'ன்னு நீங்க ஒரு சொல்தானே சொல்றீங்க? மிளகாயை ஊற வை, மல்லியை வறு, தேங்காயைத் துருவுன்னு தனித்தனியாவா சொல்றீங்க? எனக்குள்ள அது முன்னாடியே இருக்கு, நீங்க கூப்பிட்டா வருது. மெஷினுக்கும் அப்படித்தான். அடிக்கடி செய்ற வேலையை ஒரு தடவை தனியா எழுதி வெச்சுட்டா, அப்புறம் எப்போ வேணும்னாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கலாம்." அம்மா கரண்டியைக் கீழே வெச்சுட்டு, "நீ எங்கடி அரைச்சே, நான்தானே அரைக்கிறேன்"னா. நான் சிரிச்ச சிரிப்புல சோறு மூக்குல ஏறிடுச்சு. ஆனா மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன், இத்தனை வருஷம் நான் மெஷின்கிட்ட நின்னிருக்கேன், யாரும் எனக்கு இதை இவ்வளவு சுலபமாச் சொன்னதில்லன்னு. நானும் யாரையும் கேட்டதில்ல.

இன்னொண்ணு. மில்லிங் மெஷின்ல ஒரு நாள் டமார்னு சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். கத்தி ரெண்டா முறிஞ்சு கிடக்குது, இரும்பைப் பிடிக்கிற கிடுக்கியில பெரிய வடு. அந்த மெஷின்ல நின்னவர் வெளுத்துப்போய் நிக்கிறார், ஆ ஹெங் அவரைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்துட்டார். நீ கூட்டத்துக்குள்ள புகுந்து திரையைப் பார்த்தே. "பாஸ், அவர் தப்பில்ல. நான்தான் ஒரு புள்ளி வைக்க விட்டுட்டேன்"னே. எண்ணுக்குப் பின்னாடி புள்ளி இல்லன்னா அந்தப் பழைய மெஷின் அதை ஆயிரத்துல ஒரு பங்காத்தான் எடுத்துக்கும். மேலே தூக்க வேண்டிய கத்தி மயிரிழை அளவுக்குத்தான் தூக்குச்சு, பக்கவாட்டுல நகர்ந்தவுடனே போய் இடிச்சுடுச்சு. இதை நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த மனுஷன் தலையிலதான் விடிஞ்சிருக்கும். அத்தனை ஆம்பிளைங்க நடுவுல நின்னு, குரல் நடுங்காம, என் தப்புன்னு சொன்னே பாரு, அன்னிக்கு எனக்கு நெஞ்சு கொள்ளல. அன்னியிலிருந்து அந்த ஃபேக்டரியில உன் வார்த்தைக்கு இருக்குற மரியாதை எனக்கோ ஆ ஹெங்குக்கோ கூட கிடையாது.

அதனாலதான் எனக்கு இது உறுத்துது.

நீ வந்ததுக்கப்புறம் எல்லா மெஷினும் வேகமாயிடுச்சு. கத்தி சும்மா காத்துல நடந்துக்கிட்டு இருந்த நேரத்தையெல்லாம் நீ தேடித் தேடி எடுத்தே. முன்னாடி ஒரு சாமானை மாட்டிட்டு, முடிஞ்சதை அளந்து, பிசிறு தட்டி, தட்டுல அடுக்கிட்டு, கவுத்து வெச்ச எண்ணெய் டின் மேல கொஞ்ச நேரம் உட்காரலாம். அப்புறம் உட்காரவே முடியல. அடுக்கி முடிக்கிறதுக்குள்ள மெஷின் அடுத்ததை முடிச்சுட்டு நிக்கும். இதை நான் குறையாச் சொல்லல, அதுதான் உன் வேலை, நீ செஞ்சது கெட்டிக்காரத்தனம். ஆனா என் வலது முட்டி அந்த நேரம் பார்த்து மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா 'அங்கிளுக்கு வயசாயிடுச்சு'ன்னு ஓரம் கட்டிடுவாங்கன்னு பயம். நம்ம ஜெலுத்தோங் ஃப்ளாட்ல லிஃப்ட் கெட்டுப்போன அன்னிக்கு, மாடிப்படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னதை நீ கீழேயிருந்து பார்த்துட்டே. "என்னப்பா?"ன்னே. "ஒண்ணுமில்ல, நேத்து படுத்த வாக்கு சரியில்ல"ன்னேன். நீயும் சரின்னு என் பையை வாங்கிக்கிட்டு முன்னாடி ஏறினே. நீ நம்பிட்டேன்னு நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல என் மெஷின்ல ஒரு மாற்றம். வெட்டி முடிச்சதும் கதவு திறக்காம அப்படியே நிக்கும். நின்னுட்டு, அப்புறம்தான் திறக்கும். அந்த இடைவெளியில நான் டின் மேல உட்கார்ந்துக்குவேன். பழைய மெஷின், மூச்சு வாங்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். எண்ணிக்கை கொஞ்சம் குறைஞ்சுது, அதையும் மெஷின் பழசுன்னு சொல்லி யாரும் பெருசு பண்ணல. ஒரு நாள் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுத் திரையைப் பார்த்தேன். மெஷின் நிக்கிற அந்த நேரத்துல, ஒரு வரி மட்டும் பளிச்சுனு தெரியுது. ஜி ஜீரோ ஃபோர். அது எனக்கே தெரியும். ஒண்ணும் செய்யாம இருந்த இடத்துலேயே காத்திருன்னு மெஷினுக்குச் சொல்ற வரி.

உடனே நான் என்ன பண்ணேன்? மூளை இருக்கிறவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பான். நான் ரவியைக் கூப்பிட்டு, "டேய், இங்க வந்து பாரு, நேரத்தை மிச்சம் பிடிக்கிற மகாராணி ஒரு வரியை அழிக்க மறந்துட்டா!"ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்புச் சத்தம் கேட்டு ஆ ஹெங் வந்துட்டார், உன்னையும் கூப்பிட்டு விட்டார். நீ வந்து திரையைப் பார்த்தே, என்னைப் பார்த்தே, அவர் பக்கம் திரும்பி, "கூலண்ட் தண்ணி வடியணும் பாஸ். இல்லன்னா சாமான் கையில வழுக்கும்"னே. அவர் தலையை ஆட்டிட்டுப் போயிட்டார். உன் வார்த்தையாச்சே, அதுக்கு மேல என்ன இருக்கு? நானும் வெட்கப்பட்டுக்கிட்டு, அடடா, பிள்ளை எவ்வளவு யோசிச்சிருக்குன்னு பெருமையாத்தான் இருந்தேன்.

மறுநாள் ரவி சாப்பிடப் போனப்போ அவன் மெஷினை நான் பார்த்துக்கிட்டேன். அதே சாமான், அதே ப்ரோக்ராம். வெட்டி முடிஞ்சதும் கதவு பட்டுனு திறந்துச்சு. கூலண்ட் சொட்டச் சொட்ட சாமான் அப்படியே இருக்கு. நான் கையை நீட்டினவன் அப்படியே நின்னுட்டேன். திரையைப் பார்த்தேன், கடைசி வரைக்கும் பார்த்தேன். அந்த வரி இல்ல. அப்போதான் எனக்கு உறைச்சுது. கூலண்ட் வடியறதுக்காக இல்ல, நான் உட்காரறதுக்காக.

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வந்துச்சு, சொல்றதுல என்ன வெட்கம்? ஒரு விநாடி வீணானாலும் தூக்கம் வராத பிள்ளை நீ. அந்தப் பிள்ளை எனக்காக உட்கார்ந்து, ஒண்ணும் நடக்காத நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கே. நான் கேட்கல. நீயும் சொல்லிக்கல. என் மானம் போகாம, எனக்கே தெரியாம, என்னை உட்கார வெச்சே. எந்த அப்பனுக்குக் கிடைக்கும் இப்படி? அதனாலதான் ஒரு மாசம் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். கதவு திறக்காம மெஷின் நிக்கிற ஒவ்வொரு தடவையும், மகள் பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த சுகத்தை விட மனசு வரல.

ஆனா போன வாரம் ரவி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தேன். என் மெஷின்ல எண்ணிக்கை குறைஞ்சா அந்தக் குறையை எங்கே போடுறாங்கன்னு நீ யோசிச்சியா? பக்கத்து மெஷின்ல. ரவி ஓவர்டைம்ல அதை முடிக்கிறான், முணுமுணுக்காம முடிக்கிறான். அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்கு, ஆனா அது ப்ரோக்ராம் எழுதறதில்லையே. என் முட்டியைக் காப்பாத்தறேன்னு அவன் முதுகுல ஏத்திட்டோம். நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். அவசரத்துல கண்ணுக்கு அப்பா மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

ஜெர்மனிக்குப் போனாலும் சரி, எங்கே போனாலும் சரி, இதை மட்டும் அப்பா சொன்னதா வெச்சுக்கோ. நீ மிச்சம் பிடிச்சுக் கொடுக்கிற நேரம் எங்கே போகுதுன்னு கேளு. அத்தனையும் எண்ணிக்கையில போய்ச் சேரணும்னு எழுதி வெச்சிருக்கா என்ன? அதுல கொஞ்சம் நிக்கிறவங்க காலுக்கும் வேணும்னு கேளு. கேட்கிறதுக்கு உனக்குத் தகுதி இருக்கு, மிச்சம் பிடிச்சதே நீதானே! ஆனா எல்லாருக்காகவும் கேளு, எல்லார் முன்னாடியும் கேளு. நல்லதைப் போய் யாருக்கும் தெரியாம ஒளிச்சு வைக்கிறதா? புள்ளி விட்டதைத் தைரியமா ஒத்துக்கிட்ட பிள்ளை, என்னால ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சே, அதுதான் எனக்குத் தாங்கல.

நீ ஏன் போகமாட்டேங்குறேன்னும் எனக்கு விளங்குது. நீ போயிட்டா உன் இடத்துக்கு வர்ற ஆள் ஒவ்வொரு ப்ரோக்ராமா திறந்து பார்ப்பான். அந்த வரியை அழிப்பான். அப்பா நாள் பூரா நிப்பாரு. அதனால நீ இங்கேயே இருந்து அந்த வரிக்குக் காவல் காக்கப் போறே, அப்படித்தானே? பைத்தியக்காரப் பொண்ணு.

அதனால வெள்ளிக்கிழமை ஆ ஹெங் கேட்டப்போ, நான் அங்கேயே அப்பவே சொல்லிட்டேன். "மகளுக்கு ஒரு சூழ்நிலையும் இல்ல. எனக்குத்தான் முட்டி போச்சு. நின்னு வேலை செய்ய முடியல"ன்னேன். சொல்லும்போது வாயில இருந்து பல்லைப் பிடுங்குற மாதிரி இருந்துச்சு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அங்கிள், ஏன் முன்னாடியே சொல்லல லா? அளக்கிற மேசையில எனக்கு ஆளே பத்தல"ன்னார். அவ்வளவுதான். இதுக்கா இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்! சனிக்கிழமை அரை நாள் அங்கேதான் உட்கார்ந்தேன். குஷன் வெச்ச நாற்காலி. பொம்பளைங்க ரெண்டு பேர் எதிர்ல உட்கார்ந்து சீரியல் கதை பேசுறாங்க, எனக்கு ஒண்ணும் பிடிபடல. ரவி வர்றபோதும் போறபோதும் "வாங்க ஆபீசர்"னு கிண்டல் பண்றான். கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு, பொய் சொல்லமாட்டேன். கை இன்னும் அந்த ஸ்டார்ட் பட்டனைத் தேடுது. பழகிடும்.

அந்த வரியைப் பத்தி மட்டும் நான் வாயைத் திறக்கல. அது உன்னோடது. நாளைக்குக் காலையில போனதும், முதல் வேலையா என் பழைய மெஷினுக்குப் போ. ப்ரோக்ராம் பூட்டுக்குச் சாவியைப் போட்டு, அந்த வரியை உன் கையாலேயே அழிச்சுடு. அப்புறம் ஆ ஹெங்கிட்ட போய், கூலண்ட்னு சொன்னது பொய், அப்பாவுக்காக எழுதினேன்னு சொல்லிடு. திட்டுவார். ஒருவேளை, இப்படிப்பட்ட ஆளை எப்படி அனுப்புறதுன்னு ஜெர்மனியையே நிறுத்தினாலும் நிறுத்தலாம். அதையும் யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதுறேன். ஆனா நீ போறதா வேண்டாமாங்கிறதை அவர் முடிவு பண்ணட்டும், நீ முடிவு பண்ணு, என் முட்டி முடிவு பண்ணக்கூடாது. அனுப்புறேன்னு சொன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சரின்னு சொல்லு. அம்மாவை நான் பார்த்துக்கிறேன், அழுவா, அழுதுட்டு உனக்கு மிளகாய்த்தூள் கட்டி வைக்க ஆரம்பிச்சுடுவா. அங்கே குளிரும், காதை மூடிக்கோ. உன் பேரைக் கடிச்சுத் துப்புவாங்க, விடு. தெரியாததைத் தெரியலன்னு கேளு, தெரிஞ்சதைச் சத்தமாச் சொல்லு. உன் எழுத்தைப் பார்த்துட்டு உன்னைத் தேடி வந்தவங்க அவங்க, நீயாப் போய்க் கெஞ்சல, அதை மறந்துடாதே.

என்னைப் பத்தி இனிமே கணக்குப் போடாதே. போம்மா. அப்பா உட்கார்ந்துட்டேன்.